ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை

துறைமுகத்தைக் காப்பது கல்மதிலா, அரசன் அளித்த உறுதிமொழியா? வேலணைத் தீவின் வடமேற்கு முனையிலுள்ள ஊர்காவற்றுறையின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட தமிழ்ச் சாசனம் அண்மையிலுள்ள நயினாதீவில் கிடைத்துள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறையே என்பர் அறிஞர். யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு மட்டுமே பண்டாரத்தைச் சேரும்; எஞ்சியவை உடையவர்க்கே உரியன. பிற வணிகக் கலமாயின் சரிபாதி. அரசனின் நலனும் இதில் உண்டு. எனினும், காவலுக்குரியவன் கடல் கடந்து வந்தவனே.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீர்வழியில், மணல்திட்டொன்றின்மேல் எண்கோண வடிவில் கடற்கோட்டையை எழுப்பினர். யாழ்ப்பாணம் செல்லும் கலங்கள் அதன் பீரங்கிகளுக்கு முன்னால் கடந்தாக வேண்டும். வந்தவனைக் காத்த துறையில், வருபவனை ஐயுறும் காவல் தோன்றியது.

1658இல் ரைக்ளோப் வான் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தப் படை கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கித் தாக்குதலில் நீர்த்தொட்டி சிதைந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும் குடிக்க நீரின்றிப் போர்த்துக்கேயர் பணிந்தனர். எந்த நீரை அரணாக நம்பினரோ, அந்நீர் அவர்தம் விடாய் தீர்க்க உதவவில்லை. ஒல்லாந்தர் பின்னர் கோட்டையைத் திருத்தியமைத்து, ஹமன்கீல் எனப் பெயரிட்டனர். அவர்கள் கண்ணுக்கு இலங்கை ஒரு பன்றித்தொடையின் வடிவமாகவும், இக்கோட்டை அதன் குதிகாலாகவும் தோன்றின. அவர்கள் காலத்தில் இத்துறையிலிருந்து யானைகள் ஏற்றுமதியாயின.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் இக்கோட்டை தொற்றுநோயாளரைத் தனித்து வைக்கும் இடமாகவும், பிற்காலத்தில் சிறையாகவும் பயன்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்துக் கிளர்ச்சியாளர் இங்கு அடைக்கப்பட்டனர். புறத்தாரைத் தடுக்க எழுந்த மதில் அகத்தாரை அடைத்தது. இன்று கடற்படையின் பொறுப்பில் அது சுற்றுலாப் பயணியர் விடுதியாக விளங்குகின்றது.

கோட்டையின் பெயரும் பயனும் ஆள்வோர்க்கேற்ப மாறின. தமிழ்ச் சாசனத்திலுள்ள காவல் என்னும் கருத்தோ ஊர்காவற்றுறை என்னும் பெயரில் இன்றும் மக்கள் நாவில் வழங்குகின்றது. கடலோடி வந்தவர்க்கு அடைக்கலம் தருவதே துறையின் அறம் என்பதை அப்பெயர் நினைவூட்டி நிற்கின்றது.