சேர் டொராப்ஜி டாட்டாவும் வெறுங்கால் ஓட்டக்காரரும்

ஒலிம்பிக் விழாக்களிலே பதக்கம் பெற்றோரின் பெயர்களை நம்மவர் பலர் மனப்பாடமாக ஒப்புவிப்பர். 1948ஆம் ஆண்டு இலண்டனில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற்றை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆனால் ஓடுபவன் களத்தில் இறங்கு முன்னர் அவனுக்காகக் கடிதம் எழுதியவர் யார், கப்பற் கூலி தேடியவர் யார், சங்கம் கூட்டிக் கணக்குப் பார்த்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அவ்வாறு உழைத்த ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

டொராப்ஜி டாட்டா 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் திகதி பம்பாயிலே பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் பெருவணிகர் ஜம்செட்ஜி டாட்டா. கேம்பிறிட்ஜில் ஈராண்டு பயின்றபோது கிறிக்கற்றிலும் உதைபந்தாட்டத்திலும் கல்லூரி விருதுகள் பெற்றார். தாயகம் மீண்டு 1882இல் பி. ஏ. பட்டம் பெற்றபின், தந்தையார் அவரை உடனே நாற்காலியில் அமர்த்தினாரல்லர். இரண்டாண்டு பத்திரிகைத் தொழில். பின்னர் பருத்தி வியாபாரம். ஆலை தொடங்க வாய்ப்புண்டா என ஆராய்ந்து வரும்படி புதுச்சேரிக்கும் அனுப்பப்பட்டார்.

1904இல் தந்தையார் காலமானார். அவர் கனவு கண்ட இரும்பாலை அப்பொழுது காகிதத்திலேயே இருந்தது. 1907இல் கம்பனியைத் தொடங்கி இந்திய மக்களிடமே பங்குப் பணம் கேட்டார் டொராப்ஜி. மூன்று வாரத்துள் ஏறத்தாழ 8,000 பேர் முழுத்தொகையையும் தந்தனர். 1912இல் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. சனங்களிடம் நம்பிக்கையோடு போய் நின்றால் காரியம் கைகூடும் என்ற இந்தப் பாடம் அவருக்குப் பின்னர் விளையாட்டிலும் உதவிற்று என்பது எமது எண்ணம்.

1919ஆம் ஆண்டு பூனாவிலே டெக்கான் ஜிம்கானா என்னும் கழகம் நடத்திய மெய்வல்லுநர் போட்டிக்கு அவர் தலைமை தாங்கினார். ஓட வந்தவர்களுட் பெரும்பாலார் கமக்காரர். காலிற் சப்பாத்தில்லை, பயிற்றுநரில்லை, போட்டி நடத்தியோருக்கே விதிகள் சரியாகத் தெரியா. அங்ஙனமிருந்தும் அவர்கள் ஓடி முடித்த நேரங்கள் ஐரோப்பிய வீரரின் நேரங்களுக்கு ஒப்பாக இருந்தன. அன்று அங்கிருந்த பிரமுகர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுதுக் காட்சியாகவே போயிருக்கலாம். டொராப்ஜிக்கோ அது வேலையாயிற்று. பம்பாய்த் தேசாதிபதி சேர் ஜோர்ஜ் லொயிட்டின் ஆதரவை நாடினார். அவர்மூலம் பிரித்தானிய ஒலிம்பிக் சங்கத்தோடு தொடர்புகொண்டார். அடுத்த ஆண்டு அன்ற்வேர்ப் நகர விழாவுக்கு அழைப்பு வந்தது. கப்பற் செலவில் ஒரு பங்கைத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார்.

1920இல் சென்றோர் ஒரு சிறு கூட்டத்தினரே. மரதன் ஓட்டத்தில் படெப்பா சௌகுலே பத்தொன்பதாவதாக வந்தார். மல்யுத்தத்தில் ரண்தீர் சிண்டே நான்காம் இடத்தைப் பெற்றார். பதக்கத்துக்கு ஓர் இடமே குறைவு. அந்த ஆண்டிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கத்தவராகவும் டொராப்ஜி தெரிவு செய்யப்பட்டார்.

இவ்விடத்திலே ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து ஒலிம்பிக் விழாவிலே பணத்துக்காக விளையாடுவோருக்கு இடமில்லை. அமெரிக்க வீரர் ஜிம் தோர்ப் முன்னர் சிறு சம்பளத்துக்குப் பந்தாடினார் என்ற குற்றத்துக்காக 1913இல் அவருடைய பதக்கங்களைப் பறித்தனர். விதி அழகானதே. ஆனால் அதனை வகுத்தோர் சோற்றுக்குக் கவலையில்லாத கனவான்கள். இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டியிலே கைத்தொழிலாளரைச் சேர்ப்பதில்லை என்ற விதி 1937 வரை நின்றது. கலப்பை பிடிப்பவன் ஓடிச் சம்பாதிக்கவுங் கூடாது. சொந்தக் காசிற் கடல் கடக்கவும் இயலாது. அப்படியானால் அவன் எப்படித்தான் போவது? டொராப்ஜியின் பணப்பை அக்கேள்விக்கு ஒரு விடையாயிற்று. முழு விடையன்று, ஒரு தனவந்தரின் தயவில் ஒரு தேசத்தின் விளையாட்டு நெடுநாள் தங்கியிருத்தல் நன்றன்று.

அதனை அவரும் உணர்ந்திருந்தார் போலும். சங்கம் வேண்டும், மாகாணந்தோறும் கிளைகள் வேண்டும் என்று முயன்றார். அம்முயற்சியிலே வை. எம். சி. ஏ. இயக்கத்தைச் சேர்ந்த டாக்டர் நோரனும், சென்னையில் தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹரி பக்கும் ஊரூராய்த் திரிந்து உழைத்தனர். பணம் கொடுத்தவர் பார்சி. வழி காட்டியவர் கிறிஸ்தவர். ஓடியவர்களிற் பலர் இந்துக்கள். இந்து வாலிபராகிய நாம் இதை ஒருகணம் நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

1924ஆம் ஆண்டுதான் டொராப்ஜிக்குப் பெருஞ் சோதனையாய் வந்தது. உலகப்போர் ஓய்ந்தபின் உருக்கின் விலை வீழ்ந்தது. ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் காசில்லை என ஜம்ஷெட்பூரிலிருந்து தந்தி வந்தது. டொராப்ஜி தமது சொந்தச் சொத்து முழுவதையும், மனைவியார் மெகர்பாய் அம்மையாரின் நகைகளையும், இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபா கடன் பெற்றார். அந்நகைகளுள் 245 கரட் நிறையுள்ள ஜூபிலி வைரமும் ஒன்று. அம்மையார் தாமும் சேலையுடுத்தபடியே ரெனிஸ் ஆடிப் புகழ்பெற்றவர்.

அதே ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்கு இந்தியக் குழு சென்றது. வீரரைத் தெரிய பெப்ரவரியில் டில்லியிலே அகில இந்தியப் போட்டி நடந்தது. அவர்களைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றவர் பக். செலவுக்கு உதவியவர் அதே டொராப்ஜி. நகை அடகில், ஆலை தள்ளாட்டத்தில். இவ்வாண்டு விளையாட்டை விட்டுவிடுவோம் என்று அவர் சொல்லியிருந்தால் யார் குறை கூறியிருப்பர்?

1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறைப்படி நிறுவப்பட்டது. முதற் றலைவர் டொராப்ஜி, காரியதரிசி நோரன். விரைவிலேயே தலைமை பட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங்கிடம் சென்றது. 1928இல் அம்ஸ்டர்டாம் நகரிலே ஹொக்கியில் இந்தியா தங்கம் வென்றபோது உலகம் தியான் சந்தின் பெயரையே பேசிற்று. அது நியாயமே.

1931இல் மெகர்பாய் அம்மையார் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். பிள்ளைகள் இல்லை. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் டொராப்ஜி தம் உடைமையனைத்தையும் தரும நிதியாக எழுதிவைத்தார். பின்னர் இங்கிலாந்திலுள்ள மனைவியாரின் கல்லறையைக் காணப் புறப்பட்டவர், வழியில் ஜேர்மனியிலே 1932 யூன் 3ஆம் திகதி உயிர் நீத்தார். அந்த நிதியைக்கொண்டு 1941இல் பம்பாயில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அவருடலை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று புறூக்வூட் மயானத்திலே, மனைவியாரின் அருகில் அடக்கஞ் செய்தனர்.