தாது வருடப் பஞ்சமும் கடல் கடந்த உதவியும்: கொடுத்தவர், பெற்றவர், விடுபட்டவர்

ஆய்வுச் சுருக்கம்

1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பிரித்தானியாவிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் வாழ்ந்த பொதுமக்கள் பெருநிதி திரட்டி அனுப்பினர். அந்நிதி எதற்காகச் செலவிடப்படலாம் என்பதில் எழுந்த வரையறைகளையும், அவ்வரையறைகள் பூந்தமல்லி வட்டாரத்துப் பாரிவாக்கம் போன்ற ஏரிப் பாசன ஊர்களின் சமூக அமைப்போடு பொருந்திய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், மாளிகை மன்ற நிதி, வில்லியம் டிக்பி, செங்கல்பட்டு மாவட்டம், மறுவாழ்வு

முன்னுரை

கடலுக்கு அப்பால் மக்கள் பசியால் மடிகின்றனர் என்று கேள்வியுற்று உதவப் புறப்படும் எளிய மனிதன் தமிழ் இலக்கியத்திற்குப் புதியவன் அல்லன். மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன், சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் வாடுவதைக் கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு, அமுதசுரபியோடு கலமேறுகிறான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கிய அவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிடுகிறது. கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருந்தும் பெறுவார் இல்லாத தீவில் அவன் உயிர் துறக்கிறான். ஈகைக்கு மனமும் பொருளும் இருந்தால் போதாது, அது உரியவரைச் சென்றடையும் வழியும் வேண்டும் என்பதை இக்கதை உணர்த்துகிறது. 1877இல் சென்னை மாகாணத்திற்கு வந்த உதவியை மதிப்பிடவும் இதே அளவுகோல் தேவைப்படுகிறது.

ஏரி வறண்ட ஊர்கள்

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கம், பஞ்சக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த நிலப்பகுதியில் இருந்தது. வற்றாத ஆறு இல்லாத இம்மாவட்டத்தின் வேளாண்மை ஏரிகளை நம்பியது. ஏரிகளோ வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. 1876இல் அம்மழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடலில் உருவான எல் நினோ நிலையோடு இவ்வறட்சியைப் பிற்கால ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். ஏறத்தாழ இதே காலத்தில் வட சீனாவும் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியும் வறட்சியாலும் பஞ்சத்தாலும் அழிவுற்றன.

ஏரி நிரம்பாத ஆண்டில் நெல் மட்டும் அழிவதில்லை. வைக்கோல் இல்லாது மாடுகள் மடியும். அடுத்த பருவத்திற்கு வைத்த விதை நெல் உணவாகும். பித்தளைப் பாத்திரமும் கதவும் கூரை மரமும் விலைபோகும். இறுதியில் ஊரைவிட்டுப் புறப்படுவது ஒன்றே எஞ்சும். கிராமப்புறத்து மக்கள் பெருந்திரளாகச் சென்னை நகரை நோக்கி வந்தனர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தோன்றிய மணியக்காரர் சத்திரம் மீண்டும் பசித்தோர் புகலிடமாயிற்று. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது.

அரசின் கணக்கும் மருத்துவரின் மறுப்பும்

1877 சனவரியில் இந்திய அரசின் சார்பாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று வகுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதனை எதிர்த்தார். உடலுழைப்பில் ஈடுபடுவோரின் உயிரைக் காக்க இவ்வளவு போதாது என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே பின்னர் மாகாண அரசு அளவை உயர்த்தியது. ஆயினும் இடைப்பட்ட மாதங்களில் முகாம்களில் நேர்ந்த உயிரிழப்பு பெரிது. பிரித்தானிய இந்தியா முழுவதிலும் இப்பஞ்சத்தால் இறந்தோர் தொகையை 55 இலட்சம் என்றும் அதற்கு மேல் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுவர்.

பஞ்சம் உச்சத்தை எட்டியிருந்தபோதும் தானிய வணிகத்தில் அரசு தலையிடவில்லை. 1877-78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கோதுமை சுமார் 3,20,000 டன். இக்கோதுமை பெரும்பாலும் வட இந்தியாவில் விளைந்தது என்றாலும், பசித்தவருக்கு வாங்கும் ஆற்றல் இல்லாதபோது தானியம் எத்திசையில் செல்லும் என்பதை இது காட்டுகிறது.

தந்தி கொண்டுசென்ற முறையீடு

1870இல் கடலடித் தந்தி இந்தியாவை இலண்டனோடு இணைத்தது. அதற்கு முந்தைய பஞ்சச் செய்திகள் வாரக்கணக்கில் கப்பலில் பயணம் செய்தன. 1877 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் பிரித்தானிய மக்களை நோக்கி விடுத்த முறையீடு தந்தி வழியே உடனடியாகச் சென்று சேர்ந்தது. இலண்டன் மேயர் தம் மாளிகை மன்றத்தில் நிதி தொடங்கினார். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ இதழின் ஆசிரியர் வில்லியம் டிக்பி, சென்னை நிவாரணக் குழுவின் செயலராகப் பணியாற்றினார். அவர் 1878இல் வெளியிட்ட இரு தொகுதி நூல் இந்நிகழ்வுகளுக்கு முதன்மைச் சான்றாகும்.

செல்வரும் நிறுவனங்களும் மட்டுமின்றித் தேவாலயச் சபையினரும் ஆலைத் தொழிலாளரும் பணம் தந்தனர். இவர்களுள் இலங்காஷயர் நகரத்தார் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861-65இல் பருத்தி வரத்து நின்று இலங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது இந்தியாவிலிருந்தும் அவர்களுக்கு நிதி சென்றிருந்தது. அதற்கும் முன்னர், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்கெனக் கல்கத்தாவில் 1846இல் நிதி திரட்டப்பட்டது. எனவே 1877இன் ஈகையை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒருமுறை நிகழ்ந்த கருணைச் செயலாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஒரே பேரரசின் சந்தைகளில் பிணைக்கப்பட்ட உழைப்பாளர்களிடையே முன்னரே இருந்த கொடுக்கல் வாங்கலின் தொடர்ச்சியாகவும் அதனைக் காண இடமுண்டு.

ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் பங்களித்தன. 1877 அக்டோபரில் இலண்டன் படஇதழ்கள் பெல்லாரி, பெங்களூர்ப் பகுதிகளின் பஞ்சக் காட்சிகளை அச்சிட்டன. மாளிகை மன்ற நிதி மட்டும் 5 இலட்சம் பவுனைத் தாண்டியது. வெளிநாட்டு நன்கொடைகள் மொத்தம் ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாய் அளவினை எட்டின. உள்நாட்டிலும் ஈகை ஓயவில்லை. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசியாற்றியமை தமிழுலகம் நன்கறிந்தது.

உயிரும் வாழ்வும்: ஒரு எல்லைக்கோடு

இந்த முறையீட்டை அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு தொடக்கத்தில் விரும்பவில்லை. உயிர் காப்பது அரசின் கடமை எனில், பொதுமக்களிடம் கையேந்துவது அரசு கடமை தவறியதாகப் பொருள்படும் என்று அவரது நிர்வாகம் கருதியது. பின்னர் இணக்கம் ஏற்பட்டது. அரசு நிவாரணம் செய்யும் பணியை நன்கொடை நிதி மீண்டும் செய்யலாகாது என்பது அதன் சாரம். இதனால் நிதியின் பெரும்பகுதி, பிழைத்தோரை மீண்டும் தொழிலில் அமர்த்தும் பணிக்குச் சென்றது. விதை நெல், உழவு மாடு, கூரை, உடை, தொழிற்கருவி ஆகியன அவ்வகையில் வழங்கப்பட்டன.

இவ்வெல்லைக்கோடு இருவேறு விளைவுகளைத் தந்தது. ஒருபுறம், அரசு தன் கடமையாகக் கொள்ளாத ஒன்றை அது தெளிவாகக் காட்டியது. முகாமிலிருந்து உயிரோடு வெளியேறும் உழவனுக்கு மாடும் விதையும் இல்லையெனில் அடுத்த பருவமழையாலும் அவனுக்குப் பயனில்லை. இவ்வுண்மையை அரசின் கூலிக் கணக்கு அறியவில்லை. தொலைநாட்டு ஆலைத் தொழிலாளியின் சில்லறைக் காசு அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது.

மறுபுறம், ‘மீண்டும் நிலைநிறுத்தல்’ என்னும் கருத்து முன்பு உடைமை இருந்தவரையே மையமாகக் கொண்டது. செங்கல்பட்டு மாவட்டம் மிராசு உரிமை வேரூன்றிய பகுதி. அங்கு நிலத்தில் உழைத்தவருள் பெரும்பகுதியினரான ஒடுக்கப்பட்ட சாதிப் பண்ணையாட்களுக்குச் சொந்த நிலம் இல்லை. உழவு மாடும் இல்லை. இழந்ததை மீட்டுத் தரும் நிதி, இழப்பதற்கே எதுவும் பெறாதவருக்குத் துணியும் குடிசைக் கூரையும் தரலாமே தவிர வேறென்ன தர இயலும்? பாரிவாக்கம் போன்ற ஊர்களில் ஏரி நீரின் மீது உரிமை உடையவரும், அந்நீர் பாயும் வயலில் கூலிக்கு இறங்குபவரும் ஒரே வறட்சியை இருவேறு ஆழங்களில் அனுபவித்தனர். பஞ்சம் நீங்கியபின் ஒருவர் தம் பழைய நிலைக்குத் திரும்புவது மீட்சி. மற்றவர் தம் பழைய நிலைக்குத் திரும்புவது அடுத்த பஞ்சத்திற்கான காத்திருப்பு.

இக்குறை பிற்காலத்தில் அரசு ஆவணத்திலேயே இடம்பெற்றது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலமின்மையையும் குடிமனை உரிமையின்மையையும் விரித்துரைத்து அறிக்கை அளித்தார். பஞ்சமி நில ஒதுக்கீட்டின் வரலாறு இவ்வறிக்கையிலிருந்து தொடங்குகிறது. பஞ்ச நிதி கேட்காமல் விட்ட கேள்வியை இவ்வறிக்கை கேட்டது.

ஈகையிலிருந்து காரணம் நோக்கி

பஞ்ச அனுபவம் கொடுத்தவரிடையேயும் காரணம் பற்றிய சிந்தனையைத் தூண்டியது. பாசனப் பொறியாளர் சர் ஆர்தர் காட்டன் சென்னைப் பஞ்சம் பற்றி எழுதிய சிறுநூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கடிதமும் இடம்பெற்றது. நீர்ப்பாசனத்தில் முதலிடுவதே பஞ்சத்திற்கு மருந்து என்பது இருவருக்கும் பொதுவான நிலைப்பாடு. 1880இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அதனைத் தொடர்ந்து 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. செய்பூர் மன்னரின் கொடையைக் கொண்டு 1900இல் இந்திய மக்கள் பஞ்ச அறக்கட்டளை நிறுவப்பட்டது. முறையீட்டால் அவ்வப்போது திரண்ட ஈகை இதன்வழி நிலையான அமைப்பு ஆயிற்று.

டிக்பியின் மாற்றம் இவை அனைத்திலும் கருதத்தக்கது. நன்கொடைக் குழுவின் செயலராக இருந்த அவர், பின்னர் இந்திய தேசிய காங்கிரசின் பிரித்தானியக் குழுவுக்குச் செயலரானார். 1901இல் வெளிவந்த தம் நூலில், இந்தியாவின் வறுமைக்குப் பிரித்தானிய ஆட்சியின் பொருளியல் கொள்கையே காரணம் என்று வாதிட்டார். வானம் பொய்த்ததை மட்டும் காரணமாகக் கொள்ள அவருக்கு அப்போது இயலவில்லை.

முடிவுரை

தாது வருடப் பஞ்சத்தில் கடல் கடந்து வந்த உதவி, அரசின் செலவோடு ஒப்பிடச் சிறிதாயினும் பயனால் சிறிதன்று. உயிர் பிழைத்தல் வேறு, வாழ்தல் வேறு என்னும் வேறுபாட்டை அது நடைமுறையில் நிறுவியது. அதே உதவி, யாருடைய வாழ்வு மீட்கத்தக்கது என்பதை முன்பிருந்த உடைமையைக் கொண்டு அளந்தது. ஆபுத்திரனின் கப்பல் சேராத கரை சாவகம். 1877இன் நிதி சென்னைக் கரையைச் சேர்ந்தது; ஏரிக்கரை வரையிலும் சென்றது. ஏரிக்கு அப்பால் இருந்த சேரிக்கு அது எவ்வளவு தொலைவு சென்றது என்பதைக் கொண்டே பேரிடர் ஈகையின் வரலாறு எழுதப்பட வேண்டும்.