தொட்டால் பேசும் கண்ணாடி

எங்க காங்கேயம் பக்கம் மாட்டுச் சந்தையில், துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசும் வழக்கம் உண்டு. வாய் திறக்க வேண்டியதில்லை, விரலுக்கு விரலே பதில் சொல்லிவிடும். டச் ஸ்கிரீனில் அந்தப் பதில்தான் கிடையாது. பழைய நோக்கியா போனில் 5-ம் எண் பட்டன் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பார்வையில்லாதவர்கள் அதை வைத்தே நம்பர் போடுவார்கள். வழுவழு கண்ணாடி வந்ததும் அது போயே போச்சு.

ஆனால் கண்ணாடியைப் பேச வைக்கும் சூட்சுமம் செல்போனுக்கு ரொம்ப முந்தியது. 1953-ல் அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் மாலின்க்ரோட் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பித்தளை பல்ப் ஹோல்டரைத் தடவினால், லைட் எரியும்போது சொரசொரப்பு, அணைத்தால் வழுவழுப்பு! ஏன்? விரலின் காய்ந்த மேல்தோலில் மின்சாரம் எளிதில் பாயாது. உலோகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தம் அந்தத் தோலை விட்டுவிட்டு இழுக்கிறது. உராய்வு கூடிக் குறைய, மூளை அதைச் சொரசொரப்பு என்று எடுத்துக்கொள்கிறது. விரலை அசைக்காமல் வைத்தால் ஒன்றும் தெரியாது. (வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள், ஷாக் அடித்தால் நான் பொறுப்பில்லை!)

2010-ல் டிஸ்னி ஆராய்ச்சியாளர்கள் 'டெஸ்லாடச்' என்ற பெயரில் இதையே தொடுதிரைக்குக் கொண்டு வந்தார்கள். ஆப்பிள் போனது வேறு வழி. 2016-ல் வந்த ஐபோன் 7-ன் ஹோம் பட்டன் அமுங்கவே அமுங்காது. உள்ளே ஒரு அதிர்வு கொடுத்து, அமுங்கியதாக நம்மை நம்ப வைக்கும். போனை ஆஃப் செய்துவிட்டு அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணன் குழு, மெர்கல் ஹாப்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2022-ல் 'ஐடாட்' என்ற திரையை அறிவித்தது. அசையும் பாகமே இல்லாமல், மின்புலத்தாலேயே விரலுக்குச் சொரசொரப்பைக் காட்டும். ஆன்லைனில் வாங்கும் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது அவர்கள் சொல்லும் பயன்களில் ஒன்று.

இதைப் படித்ததும் எனக்குத் திருப்பூர்தான் ஞாபகம் வந்தது. பனியன் துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, இழுத்து, கசக்கிப் பார்ப்பார்கள். திரையால் உராய்வை மட்டும்தான் காட்ட முடியும். துணியின் கனமும் இழுவையும் அதில் வராது, கண்ணாடி கெட்டியாகத்தானே இருக்கும்!

பி.காம். படிக்கிறவனுக்கு இன்னொரு சந்தேகமும் வரும். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், 17-வது பிரிவு: மாதிரி காட்டி விற்றால் சரக்கு அந்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். திரையில் தடவிய சொரசொரப்பு மாதிரிக் கணக்கில் வருமா? அது விற்பவர் ஏற்றி வைத்த எண்கள்தானே! போட்டோவில் கலரைக் கூட்டுகிற மாதிரி இதையும் மாற்றிவிடலாம். நான் வாங்குகிறவனாக இருந்தால், திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, நாலு இஞ்ச் துணியைக் கூரியரில் அனுப்பச் சொல்வேன்.