பம்பாய்க் கோட்டை நிலமும் ‘திருப்பியளித்தல்’ என்னும் சொல்லும்

படைப்பயன் இழந்த நிலத்தைக் குடியாட்சித் துறையிடம் விடுவது காலனிய ஆட்சியில் பலமுறை நிகழ்ந்ததாகும். ஆங்கில ஆவணங்களில் இதனைக் குறிக்கும் சொற்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ‘திருப்பியளித்தல்’, ‘மீள ஒப்படைத்தல்’ என்றே எழுதுகின்றனர். இவ்வழக்குப் பொருந்துமா என்பதைப் பம்பாய் நகர வரலாற்றின் துணைகொண்டு ஆராயலாம்.

1. வெளியின் தோற்றம்

பம்பாய்க் கோட்டைமதில் ஆளுநர் சார்லஸ் பூன் காலத்தில், 1716ஆம் ஆண்டளவில், நிறைவுற்றது. அப்பல்லோ வாயில், சர்ச் வாயில், பஜார் வாயில் என மூன்று வாயில்கள் அதற்கு இருந்தன. 1739இல் மராத்தியர் வசையைக் கைப்பற்றியபின் அச்சம் மிகுந்தது. பீரங்கிக் குண்டு தடையின்றிச் செல்ல வேண்டுமென்பதற்காக மதிற்புறத்திலிருந்த வீடுகளும் தென்னந்தோப்புகளும் அகற்றப்பட்டன. இங்ஙனம் உருவான வெற்றிடமே ‘எஸ்பிளனேடு’ எனப்பட்டது.

சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபின், அதனை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் படிப்படியாக இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் எஞ்சியுள்ளது.

எஸ்பிளனேடு என்பதற்குத் தமிழ் மரபில் நேர்ச்சொல் இல்லை. தமிழிலக்கியம் காட்டும் அரணுக்கு மதிலும் அகழியும் போலவே மிளை எனப்படும் காவற்காடும் உறுப்பாகும். அங்கே மரம் அரணைக் காக்கிறது. பீரங்கிக் கோட்டைக்கோ மரமே பகை. எனவே ‘காவற்காடு’ என்பதை இதற்கு ஈடாக வழங்குதல் பொருளைத் தலைகீழாக்கிவிடும். ‘கோட்டைப்புற வெட்டவெளி’ என விரித்துரைப்பதே தக்கது.

2. மதில் நீக்கம்

1862இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற பார்ட்டில் ஃபிரியர் மதிலை இடிக்க முடிவு செய்தார். பம்பாயை முற்றுகையிடவல்ல பகை அப்போது எதுவும் இல்லை. மதிலுக்குள்ளோ நெரிசலும் நோயும் மிகுந்திருந்தன. 1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகை 8,16,562 ஆகும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி நகரில் பணம் குவிந்திருந்தமையும் திட்டத்திற்குத் துணையாயிற்று. மதிலை நீக்கக் குழுவொன்று அமைக்கப்பட்டது. விடுபட்ட நிலத்தின் ஒரு பகுதி மனைகளாக விற்கப்பட்டது. எஞ்சிய இடங்களில் தலைமைச் செயலகம் (1874), உயர்நீதிமன்றம் (1878), பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் (1878) ஆகியன எழுந்தன. கட்டடம் எழாத பகுதிகளே ஓவல், கிராஸ், ஆசாத் முதலிய மைதானங்களாக நிலைத்தன.

3. சொல்லின் முற்கோள்

‘திருப்பி’, ‘மீள’ என்னும் அடைகள், பொருளைப் பெறுபவர் முன்னரே அதனை உடையவராயிருந்தார் என்னும் முற்கோளைக் கொண்டவை. ஒருவன் கடன் வாங்கிய நூலை உரியவனிடம் தந்தால் ‘திருப்பித் தந்தான்’ என்பது பொருந்தும். மூன்றாமவனிடம் தந்தால் ‘கொடுத்தான்’ என்பதே பொருந்தும். பம்பாயில் தோப்பையும் வீட்டையும் இழந்தவர் ஒருசாரார். நூறாண்டுக்குப்பின் அந்நிலத்தைப் பெற்றவை அரசின் மற்றொரு துறையும் மனை வாங்கிய வணிகருமே. ஆகவே இங்குத் ‘திருப்பியளித்தல்’ எனின், முதலில் நிகழ்ந்த வெளியேற்றம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும். துறைகளுக்கிடையிலான மாற்றத்தை ‘ஒப்படைத்தல்’ அல்லது ‘கைமாற்றுதல்’ எனலாம். முன்னுடையாருக்கோ அவர்தம் வழியினருக்கோ நிலம் சேரும்போது மட்டுமே ‘திருப்பியளித்தல்’ உரியதாகும்.

4. எஞ்சிய பெயர்கள்

மதில் மறைந்தும் ‘ஃபோர்ட்’ பகுதியின் பெயராக நிற்கிறது. இடிந்த வாயிலின் பெயரைச் சர்ச்கேட் ரயில் நிலையம் தாங்கியுள்ளது. தாராவியில் நிலை வேறு. மித்தி ஆற்றங்கரையிலுள்ள ரீவா கோட்டை, அதன் கல்வெட்டின்படி ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டது. ஆற்றுக்கு அப்பாலிருந்த சால்செட் தீவை 1774இல் ஆங்கிலேயர் கைப்பற்றியதும் எல்லைக்காவல் என்னும் அதன் பயன் ஒழிந்தது. பின்னர்த் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் உள்ளிட்ட பல மொழியினர் தாராவியில் குடியேறினர். கோட்டையைச் சூழ்ந்து குடியிருப்புகள் பெருகின. கட்டியவர் பெயர் கல்லில் நிற்க, மக்கள் வாயில் அது ‘காலா கில்லா’, அதாவது கருங்கோட்டை, ஆயிற்று.

நிலம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதை அறிந்த பின்னரே அதற்குரிய வினைச்சொல்லைத் தேர்தல் வேண்டும். ஆவணத்தின் சொல்லை மட்டும் பெயர்ப்பவர், அதனை எழுதிய அலுவலரின் பார்வையையும் உடன் பெயர்த்துவிடுகிறார்.