மாஹேபூர் மாளிகை: கடற்போர் நினைவும் தீவின் வரலாறும்

மொரீசியசுத் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மாஹேபூர் நகரில், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட மாளிகையொன்று தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1950இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட இது, முன்னர்க் கடற்படை அருங்காட்சியகம் என்றே அறியப்பட்டது. இப்பெயர் மாற்றம் எழுப்பும் வரலாற்று வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாளிகையின் புகழுக்குக் காரணம் 1810 ஆகஸ்டில் நிகழ்ந்த கிராண்ட் போர்ட் கடற்போராகும். பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நான்கனுள் சிரியஸ், மஜிசியன் ஆகியன பவளத்திட்டுகளில் தரைதட்டின; பகைவர் கைப்படாதிருக்க அவை தீயிட்டு அழிக்கப்பட்டன. நெரெய்ட், இஃபிஜீனியா ஆகியன பிரெஞ்சுக்காரர் வசமாயின. இவ்வெற்றி பாரிசு வெற்றி வளைவிலும் பொறிக்கப்பட்டுள்ளது. காயமுற்ற பிரெஞ்சுத் தளபதி துப்பெரேயும் பிரித்தானியக் கப்பற்றலைவர் வில்லோபியும் இம்மாளிகையிலேயே மருத்துவம் பெற்றனர். பகைவர் இருவர் ஒரே கூரையின்கீழ்க் கிடந்த செய்தி, போர் அறத்தின் சான்றாக இன்றும் எடுத்துரைக்கப்படுகிறது.

ஆயினும் அவ்வெற்றி நான்கு மாதங்கூட நிலைக்கவில்லை. நவம்பர் 29இல் தீவின் வடகரையில் பிரித்தானியப் படை இறங்கியது. அதில் சென்னை, வங்காள, பம்பாய் மாகாணச் சிப்பாய்களும் இருந்தனர். டிசம்பர் 3இல் ஏற்பட்ட சரணடைவு உடன்படிக்கை, குடியேறிகளின் சமயம், சட்டம், வழக்கம், உடைமை ஆகியவற்றைக் காப்பதாக உறுதியளித்தது. அடிமைகளும் உடைமையாகவே கருதப்பட்டமையால், கொடி மாறியும் அவர்தம் நிலை மாறவில்லை. விடுதலை 1835இல்தான் வந்தது. வென்றோர் தோற்றோரிடம் காட்டிய பெருந்தன்மை, அடிமைகளின் விடுதலையை விலையாகக் கொண்டதாயிற்று.

இங்குள்ள சேன் ஜெரான் கப்பலின் மணியும் இவ்வாறே இருவேறு நினைவுகளைத் தாங்கியுள்ளது. 1744இல் மூழ்கிய அக்கப்பலை, பெர்னார்தன் த சேன் பியேர் எழுதிய ‘போல், விர்ஜினி’ என்னும் காதற்கதை உலகறியச் செய்தது. அக்கப்பலோ சர்க்கரை ஆலைக்கான பொறிகளையும் அடிமைகளையும் ஏற்றி வந்ததாகும்.

தமிழகத் தொடர்பும் இத்தகையதே. நகரின் பெயருக்குரிய மாஹே த லா பூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தை உருவாக்கப் புதுச்சேரிக் கைவினைஞரைப் பயன்படுத்தினார். 1746இல் இத்தீவிலிருந்து கப்பற்படையுடன் சென்று சென்னையைக் கைப்பற்றினார். தளபதியர் பெயர்கள் நிலைத்தன. கைவினைஞர், சிப்பாய்கள், அடிமைகள் ஆகியோருள் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்தனர்.

எனவே, ‘கடற்படை’ என்பது ‘தேசிய வரலாறு’ என மாறியது பெயரளவினதன்று. போரில் வென்றவர் யார் என்பதோடு, அவ்வெற்றியால் எவர் வாழ்வு மாறியது, எவர் வாழ்வு மாறவில்லை என்பதையும் காட்சிப்பொருள்களிடம் வினவ அது வழிவகுக்கிறது. அவற்றைச் சரணடைவு உடன்படிக்கையின் உடைமைக் கூற்றோடு இணைத்து நோக்கும்போதே இம்மாளிகை தீவு முழுமைக்குமான வரலாற்று ஆவணமாகும்.