வாவிக்கரையின் வட்டக்களரி

வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை, ஏறத்தாழ 35 மைல் தூரம் கீழைக் கடலோரத்தை ஒட்டி நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கையும், ஞாயிறு எழும் திசை நோக்கி எழுவான்கரை என்றும், அது படும் திசை நோக்கிப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்கி வருகின்றனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பரப்பிலே தென்னஞ்சோலைகளும் நெருங்கிய குடியிருப்புகளும் மீன்பிடித் துறைகளும் அமைந்திருக்க, படுவான்கரையிலே வயலும் குளமும் காடும் விரிந்து கிடக்கின்றன. மாரிப்போக வேளாண்மை வெட்டி, களவெட்டியிலே சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், இவ்விரு கரைக் கிராமங்களிலும் பொழுது சாய்ந்ததும் கூத்துக்குரிய மத்தள ஒலி எழுவது நெடுங்கால வழக்கமாயிருந்தது. படைப்பாற்றல் என்பது பிறவியிலேயே வரம்பெற்ற சிலருக்கு மாத்திரம் உரிய சொத்து என்று கருதப்படும் இந்நாளிலே, உழவரும் மீனவரும் தச்சரும் அதனைத் தம் ஆண்டுக் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டு பயின்று வந்த இந்த ஊர்களின் வரலாறு ஊன்றிக் கற்கத்தக்கது.

மட்டக்களப்புக் கூத்து, வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். குருக்கேத்திரன் போர் போன்ற இதிகாசக் கதைகளையும் போர்க்கள வீரத்தையும் வடமோடி பெரிதும் கொண்டாட, அலங்காரரூபன், அனுருத்திரன் முதலிய காதற் கதைகளில் தென்மோடி திளைக்கும். முன்னதில் ஆட்டத்தின் வேகமும் கம்பீரமும் ஓங்கி நிற்கும். பின்னதில் தாளக்கட்டின் நுணுக்கமும் இசையின் இழைவும் மிகுந்திருக்கும். கரப்புடுப்பு என்னும் விரிந்த உடையும் பாரமான முடியும் தரித்து இரவு முழுவதும் ஆடவேண்டிய வடமோடி அரசனுக்கு, பாடும் குரலோடு உழவனின் உடல் வலிமையும் வேண்டியிருந்தது. இவற்றுடன் சிறுவரும் இளைஞரும் கோலடித்து ஆடும் வசந்தன், ஊரையே சிரிக்க வைக்கும் மகிடி, பறைமேளக் கூத்து என வேறு ஆடல்களும் இப்பிரதேசத்திலே செழித்திருந்தன. வசந்தன் பாடல்கள் அழிந்துவிடலாகாது என்று கருதிய தி. சதாசிவ ஐயர் அவற்றைத் திரட்டி 1940ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார்.

ஆயினும், களரி என்னும் ஆடரங்கில் ஏறிய ஆட்டத்தை மாத்திரம் கண்டு இக்கலையை மதிப்பிட முற்படுவோர் அதன் பெரும்பகுதியைக் காணத் தவறியவராவர். ஒரு கூத்து அரங்கேறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே ஊர்ப் பெரியோர் கூடி, எந்தக் கூத்தைப் பழகுவது, கூத்துப் பயிற்றும் ஆசானாக எந்த அண்ணாவியாரை அழைப்பது என்று ஆலோசிப்பர். அண்ணாவியார் வந்ததும் இளைஞரின் குரலையும் உடல்வாகையும் சுபாவத்தையும் நோக்கி, இவனுக்குத் தருமன், இவனுக்கு வீமன், இவனுக்குத் திரௌபதை என்று பாத்திரங்களை வகுத்து, அவரவர்க்குரிய பாடற் பகுதியைக் கையளிப்பார். இதனையே சட்டம் கொடுத்தல் என்பர். அன்றுதொட்டு, பகலெல்லாம் வயலிலும் தோணியிலும் உழைத்தவன் இரவிலே பழகுகளத்துக்கு வந்து, தாளத்துக்கு அடிவைக்கவும், விருத்தம் இசைக்கவும், தான் ஏற்ற அரசனின் பெருமிதத்தைத் தன் தோளிலே தாங்கவும் கற்றுக்கொள்வான்.

பழக்கம் ஓரளவு முதிர்ந்ததும் நல்லநாள் பார்த்துச் சதங்கை அணியும் வைபவம் நிகழும். முதன்முறையாகக் காலிலே சதங்கை கட்டி ஆடும் மைந்தனைக் காணப் பெற்றோரும் உற்றாரும் திரண்டு வருவர். அதன்பின் ஆரம்பம் முதல் இறுதிவரை தொடர்ச்சியாக ஆடிப் பார்க்கும் அடுக்கு நடைபெறும், குறைகள் திருத்தப்படும். அரங்கேற்றத்துக்கான வட்டக்களரியை அமைக்க மண் சுமப்போரும், கம்பு நடுவோரும், மேற்கட்டி கட்டுவோரும் அவ்வூராரே. ஆட்டக்காரனுக்கு வேண்டிய சேலைகளையும் நகைகளையும் உறவினர் பெட்டகங்களிலிருந்து இரவலாக எடுத்துக் கொடுப்பர். அரங்கேற்றம் முடிந்த பின்னும் கூத்து ஓய்வதில்லை. ஊரின் வீட்டு முற்றங்கள் தோறும் சென்று ஆடி, வீட்டார் மனமுவந்து அளிக்கும் சன்மானத்தைப் பெற்று மகிழ்வர்.

களரியின் அமைப்பும் இந்த உறவுக்கு இசைந்ததாகவே இருந்தது. நடுவே மத்தள அண்ணாவியாரும் சல்லாரிக்காரரும் ஏட்டைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பவரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவர்களைச் சுற்றி வட்டமாக ஆட்டக்காரர் ஆட, நாற்புறமும் சனங்கள் பாய் விரித்து அமர்ந்திருப்பர். அங்கே அமர்ந்திருப்போருள் முன்னொரு காலத்திலே அதே கூத்தில் அதே பாத்திரத்தை ஏற்று ஆடிய முதியவர்களும் இருந்தனர். பாடலின் அடுத்த அடியை அவர் உதடு முந்திக்கொண்டு முணுமுணுக்கும். தாளம் பிசகினால் அவர் முகம் சுருங்கும். இத்தகைய விஷயஞானம் மிக்க சபையின் முன் ஆடுவதே இளைஞனுக்கு உயர்ந்த கல்வியாக வாய்த்தது. எழுத்தறிவு குன்றியிருந்த காலத்திலும் நூற்றுக்கணக்கான பாடல்களும் அவற்றின் இராகமும் தாளமும் ஆட்டக்கோலங்களும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தமைக்கு இந்த நெருங்கிய உறவே காரணமாகும்.

கலை நாட்டத்தோடு ஆராய்ச்சி நாட்டமும் இந்த மண்ணிலே குன்றவில்லை. கல்லடிப் பக்கத்து வாவி நீரிலே நிலாக் காலங்களில் எழும் இசையொலி பற்றி 1848 செப்டம்பரில் இங்கு வந்த குடியேற்ற அரசின் செயலாளர் எமர்சன் டெனன்ற் மீனவரிடம் விசாரித்தபோது, அவ்வொலி எவ்விடங்களிலே கேட்கும் என்பதையும், வரட்சிக் காலத்திலே கேட்டு மழைவெள்ளம் பெருகியதும் நின்றுவிடும் என்பதையும் அவர்கள் விளக்கினர். அது நீரடியில் வாழும் ஊரி என்னும் நத்தையினத்திலிருந்து எழுவது என்பது அவர்கள் கொண்ட முடிபு. தோணியின் பலகையிலே செவியை வைத்து டெனன்றும் அதனைக் கேட்டார். மக்கள் மீன்பாடும் தேனாடு என்று தம் நாட்டைப் போற்றுவதற்குக் காரணமான அந்த ஒலியை, பெருமை பேசுவதோடு அமையாமல் உற்றுக் கேட்டு, காலமும் இடமும் குறித்து, காரணமும் நாடிய அந்த மீனவரை ஆராய்ச்சி மனம் படைத்தவர் என்றே கூறவேண்டும்.

அதே வாவிப் பிரதேசத்துக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தராக உலகறிய விளங்கியவர், அந்த ஒலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கற்பித்துப் பாடலொன்று இயற்றினார். விஞ்ஞானப் பட்டதாரியாகவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் விளங்கிய அவர், பழந்தமிழரின் யாழைக் கணித நெறியாலும் இசை நெறியாலும் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கவிஞனின் கற்பனையும் விஞ்ஞானியின் வினாவும் ஒரே உள்ளத்தில் ஒன்றுக்கொன்று துணையாய் வாழக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கூத்தின் பெருமை கிராமத்துக்கு அப்பாலும் உணரப்பட்டது 1950களின் பிற்பகுதியிலாகும். 1956இலே நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் தமிழ்க் கூத்தோடு உறவுடைய சிங்கள ‘நாடகம’ மரபைத் தழுவி ‘மனமே’யை மேடையேற்றினார். அதைத் தொடர்ந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் துணையோடு மாணவருக்குக் கூத்துப் பயிற்றி, கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964) முதலியவற்றை நகர மேடைகளிலே நிகழ்த்தினார். விடியும்வரை நீளும் ஆட்டம் சில நாழிகைக்குள் அடங்குமாறு செப்பஞ் செய்யப்பட்டது. பாமரரின் பொழுதுபோக்கு என்று இகழப்பட்ட கலை அதனால் கற்றோர் சபையிலே கௌரவம் பெற்றது. அம்மாணவருள் ஒருவராயிருந்த சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்லடியிலுள்ள விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இன்று கூத்து பாடமாகவும் பயிற்சியாகவும் இடம்பெற்றிருக்கின்றது.

பழமையைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தல் முறையன்று. பழைய களரியிலே பெண்பாத்திரத்தையும் ஆணே ஆடினான். இரவற் சேலை கொடுத்த பெண்ணுக்குச் சதங்கை கட்டும் உரிமை இருக்கவில்லை. பாத்திரங்களைப் பங்கிடுவதிலும் களரியிற் கூடுவதிலும் சாதி வேற்றுமை குறுக்கிட்டது. பின்னர், நெடிய யுத்த காலத்திலே ஊரடங்கும் அச்சமும் இடப்பெயர்வும் இரவுக் கூத்துகளைப் பல ஊர்களில் நிறுத்திவிட்டன. இந்த இருளைத் தாண்டிச் சீலாமுனைக் கிராமத்தாரோடு கூத்து ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தோரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் நம் கவனத்துக்கு உரியது. கூத்தை ஊரைவிட்டுப் பெயர்க்காமல், ஊராரே கூடி விவாதித்து, பழைய கதைகளிலே பெண்ணும் எளியோரும் சித்திரிக்கப்படும் முறையை வினவி, சிறுவர்களைக் களரிக்கு அழைத்து வந்த அம்முயற்சி, மரபை உயிருள்ளதாக மதித்த முயற்சியாகும். வினவப்படும் மரபே விருத்தியடையும்.

வாவிக்கரை ஊர்களின் நெடிய அனுபவம் நமக்கு உணர்த்துவது இதுவே: ஒரு சமூகத்தின் படைப்பாற்றல், அது எத்தனை மேதைகளைப் பெற்றது என்பதைவிட, எத்தனை சாமானியரைப் பழகுகளத்திலே இறக்கியது என்பதனாலேயே அளக்கப்படவேண்டும். கூத்தை மேடையில் ஏற்றி, கைதட்டி, படம் பிடித்து வைத்துக்கொள்வதால் மாத்திரம் அது பிழைக்காது. ஆதலால் வாவியின் இரு கரைப் பாடசாலைகளும் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு கூத்தையேனும் முழுமையாகப் பழகுதல் வேண்டும். இன்னும் நம்மிடையே உள்ள அண்ணாவிமாரைத் தக்க வேதனமும் மதிப்பும் அளித்து அழைத்தல் வேண்டும். ஆணென்றும் பெண்ணென்றும் இன்ன குலமென்றும் பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம் கொடுத்தல் வேண்டும். வேற்றூரில் வாழும் வாசகரும் தத்தம் ஊரின் பாட்டையும் ஆட்டத்தையும் அறிந்த முதியவரை இந்த ஆண்டே தேடிச் சென்று, தம் பிள்ளைகளை அவர் முன் அமர்த்துவார்களாக.