பரங்கிப்பேட்டை இரும்பும் தாத்தாவின் பேனாக்கத்தியும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் ஏறினால், வழியில் பிரம்மதேசம் வரும். அதைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கும். பிறகு பாத்தி பாத்தியாக உப்பளங்கள்! கண்ணுக்கு அழகுதான். ஆனால், இரும்புக்கு எமன்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே கரைய ஆரம்பித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் ஒன்று கத்தி மேல் உட்கார்ந்தால் போதும். ராத்திரியோடு ராத்திரியாக அங்கே ஒரு சொட்டு உப்பு நீர், காலையில் செம்புள்ளி. துரு தன் வேலையைத் தொடங்கியாச்சு!

மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். அந்த எழுத்துக்களை வெட்டிய உளிகள் எங்கே? கல் நின்றுவிட்டது. கல்லை வெட்டிய இரும்பு மண்ணோடு மண்ணாகிப் போச்சு. இத்தனைக்கும் இரும்பு நமக்கு நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. நாலாவது ஆயிரத்தாண்டுக்கே கொண்டுபோகிறது.

அதனால்தான் சொல்கிறேன்... உங்கள் வீட்டு மர பீரோவின் இழுப்பறையில், தாத்தா வைத்திருந்த பேனாக்கத்தி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதற்குள் ஒரு கதை இருக்கலாம்.

'பேனாக்கத்தி' என்ற பெயரே ஒரு சரித்திரம்தான். இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், அந்த இறகின் நுனியைச் சீவ வெள்ளைக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட குட்டிக் கத்தி அது. நம்மிடம் இறகு இல்லை, ஓலை இருந்தது. அதற்கென்றே நம் ஆட்கள் செய்துகொண்டதுதான் மடக்கெழுத்தாணி. எழுத்தாணியை மடக்கிப் பிடிக்குள் அடக்கிக்கொள்ளலாம். ஓலையை நறுக்கிச் சீர்செய்யக் கத்தியும் சேர்ந்தே மடங்கும் வகைகளும் உண்டு. ஆக, மடக்குக் கத்தி நமக்குப் புதுசு இல்லை.

சரி, கதைக்கு வருவோம். இந்தக் கடற்கரையிலேயே தெற்கே போனால், புதுச்சேரி, கடலூர் தாண்டி பரங்கிப்பேட்டை. 1830-இல் அங்கே ஓர் இரும்பு ஆலை எழுந்தது. தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் இருந்தவர். கௌரவமான உத்தியோகத்தை விட்டுவிட்டு இரும்பு உருக்க வந்துவிட்டார்!

காரணம், நம் ஊர் உருக்கு. சின்ன மண் குகையில் இரும்பையும் மரத்துண்டு, இலைகளையும் வைத்து மூடி நம் கொல்லர்கள் செய்த உருக்கைப் பார்த்து மனுஷர் சொக்கிப் போனார். எகிப்தின் கல்தூண்களில் சித்திர எழுத்துக்களை வெட்டிய கருவிகள்கூட இந்திய எஃகால் ஆனவையாக இருக்க வேண்டும் என்று எழுதும் அளவுக்கு! (இதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அது வேறு விஷயம்.)

சேலத்திலிருந்து தாது வந்தது. உலைக்கு மரக்கரி மலைமலையாகத் தேவைப்பட்டது. செலவு கையைக் கடித்தது. ஆலை கடைசிவரை லாபத்தில் நிமிரவே இல்லை. பல கைகள் மாறி, ஒருநாள் மூடப்பட்டது. ஹீத் அதற்கு முன்பே இங்கிலாந்து திரும்பிவிட்டார்.

போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. உலகத்துக்கே கத்தி செய்துகொடுத்த ஷெஃபீல்டு நகரம் அப்போது நல்ல எஃகுக்கு ஸ்வீடன் இரும்பை நம்பியிருந்தது. விலையோ ஜாஸ்தி. உள்நாட்டு மலிவு இரும்பில் செய்தால், எஃகு சுத்தியல் அடிக்கே விரிசல் விட்டது. எஃகை உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு - கரிச் சேர்மத்தைப் போட்டால் இந்தக் கோளாறு தீர்ந்துவிடும் என்று கண்டுபிடித்து, 1839-இல் காப்புரிமையும் வாங்கினார் ஹீத். கத்திக்கான எஃகு மலிவானது.

இங்கேதான் விதி விளையாடியது. ஹீத்தின் ஏஜென்ட்டாக இருந்த அன்வின், ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். சேர்மத்தைத் தனியாகச் செய்து போடுவதற்குப் பதில், மாங்கனீசு ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாகவே குகைக்குள் போட்டார். உள்ளே சூட்டில் இரண்டும் சேர்ந்து அதே சேர்மம் உண்டாகிவிடும். 'நீங்கள் காப்புரிமை வாங்கியது சேர்மத்துக்கு. நான் போட்டது வேறு சாமான்!' என்பது அவர் வாதம். எப்படி இருக்கிறது பாருங்கள்!

வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. 1851-இல் ஹீத் இறந்தே போனார். 1855-இல் பிரபுக்கள் சபை கடைசித் தீர்ப்புச் சொன்னது... அன்வின் பக்கம். ஷெஃபீல்டு கொழித்தது. வழி காட்டியவருக்குக் கிடைத்தது தோல்விதான்.

அந்த ஷெஃபீல்டு கத்திகள் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தன. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஜோசப் ரோட்ஜர்ஸ் கத்தி அதில் பிரசித்தம். தாத்தாவின் கத்தியில் அந்த முத்திரை இருந்தால் என்ன அர்த்தம் என்று இப்போது புரிகிறதல்லவா?

அந்த முத்திரையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 'ஷெஃபீல்டு' என்று ஆங்கிலத்தில் இருக்கலாம். 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால், பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கத்தி பளபளவென்று வரும், ஆனால் முத்திரை போய்விடும். சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீலம் பாரித்தால் எஃகின் பதமும் போச்சு.

பிறகு? திறக்க மறுத்தால் குறடு போட்டு இழுக்காதீர்கள். மூட்டில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி பொறுங்கள். மெதுவாகத் திறந்து மூடுங்கள். சிவப்புத் துருவை எண்ணெய் தொட்ட மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் தேய்த்து எடுக்கலாம். அலகின் மேல் படிந்த கருஞ்சாம்பல் நிறத்தைத் தொடாதீர்கள். அது வயசின் நிறம், எஃகுக்கு ஒரு விதத்தில் கவசம். பித்தளைக்குப் போடுகிற புளியை இதற்குப் போட்டால் அமிலம் எஃகை அரிக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தோலுறையில் போட்டுப் பூட்டி வைப்பதும் தப்பு. தோல் ஈரத்தை இழுக்கும். கடலோர வீடு என்றால், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மாசம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

புதிதாகச் சேர்க்க ஆசையா? புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தை, காரைக்குடி பழம்பொருள் கடைகள் என்று ஒரு நடை போய் வாருங்கள். பத்து வாங்குவதைவிட, முத்திரை தெளிவாக உள்ள ஒன்று மேல். தந்தப் பிடி என்றால் ஒதுங்கிவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்தை அனுமதிப்பதில்லை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் என்றால் ஆயுதச் சட்ட விதிகளையும் பார்க்க வேண்டும். நாலு விரல் நீளப் பேனாக்கத்திக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும், அதைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள்!

கத்தி கிடைத்ததும் ஒரு காகிதத்தில், அது யாருடையது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, டப்பாவுக்குள் வையுங்கள். துருவையாவது எண்ணெய் போட்டு எடுத்துவிடலாம். சொல்ல ஆளில்லாமல் போன கதையை என்ன போட்டு மீட்பது? இந்த ஞாயிற்றுக்கிழமையே இழுப்பறையைத் திறந்து பாருங்களேன்.